கத்தியோடு ஒரு கட்டு

நான் படித்தது தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு வரை. அதுவும் மழை பெய்யாத நாட்களில் மட்டும். அப்படிப்பட்டவன் இந்தத் தோட்டத்தில் என்னென்ன செய்து வைத்திருக்கிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மேல்மலையில் இன்றைக்கு நீங்கள் கொழுந்து பறிக்கிற தேயிலைத் தூர்களில் பெரும்பாதி என் கத்தி பட்டு வளர்ந்தவை. மாரியம்மன் கோயிலுக்கு ஏறிப் போகிற கற்படிகள் என் வேலை. கல்லை உடைத்தவனும் நான்தான், அடுக்கியவனும் நான்தான். கீழே வரிசை வீடுகளாக இருக்கிற பணிய லயத்துக்குத் தண்ணீர் வருகிற பீலியை ஓடையிலிருந்து இழுத்துக்கொண்டு வந்து வைத்ததும் நான்தான். என்னிடம் கவ்வாத்துப் பழகியவர்கள் லிந்துலையிலும் நல்லதண்ணியிலும் கங்காணிமாராக இருக்கிறார்கள். அப்பனும் ஆத்தாளும் சின்ன வயதிலேயே போய், அடுத்தவர் குடும்பத்தின் ஒற்றை அறைக் காம்பராவில் மூலையில் படுத்து வளர்ந்தவன் இத்தனையும் செய்தேன். இந்த வயதிலும் கோயில் ஏற்றத்தில் நிற்காமல் ஏறுகிறேன். படுத்தால் தூங்கிவிடுகிறேன்.

இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிகிறவை. நான் செய்ததிலேயே பெரிய காரியம் எது என்று யாருக்கும் தெரியாது. அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எழுத வைத்தது நம் தோட்டத்து வாலிபர் சங்கம். போன மாதம் சங்கத்தில் ஒரு கூட்டம் நடந்தது. அட்டனிலிருந்து படித்த ஐயா ஒருவர் வந்து, மனக்கவலை இல்லாமல் வாழ்வது எப்படி என்று பேசினார். வேலை ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம், இரண்டும் சமமாக இருக்க வேண்டும் என்றார். நல்ல பேச்சுதான். கடைசியில், "வீட்டு வேலையில் ஆண்களும் கைகொடுக்க வேண்டும் என்பது புதிய எண்ணம், இதை இந்தத் தோட்டத்தில் முதன்முதலாக நான் சொல்லி வைக்கிறேன்" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. கூட்டம் முடிந்ததும் சங்கத்துப் பையன்கள் வந்து, "கங்காணி, ஒங்களுக்குக் கொதிப்பும் இல்ல, சீனியும் இல்ல, எப்பிடி இருந்தீங்கன்னு நம்ம மலருக்கு எழுதிக் குடுங்க" என்று கேட்டார்கள். இதோ எழுதுகிறேன். அந்த ஐயாவும் படிக்கட்டும்.

நான் தொழில் பழகின கதை பெரிதல்ல. புல்லு வெட்டினேன், மழைத்தண்ணீர் ஓடுகிற கான் வெட்டினேன், பிறகு கத்தி என் கைக்கு வந்தது. வந்த கத்தி ஓய்வு பெறும்வரை கையை விட்டுப் போகவில்லை. வெள்ளைக்காரன் கொடியை இறக்கிய காலத்தில் நான் கவ்வாத்துக் கங்காணி. பொகவந்தலாவைப் பக்கத்தில் என் ஆட்களைப் போலத் தூர் வெட்ட யாரும் இல்லை என்று துரைமாரே பேசிக்கொள்வார்கள்.

கவ்வாத்து என்றால் சும்மா வெட்டித் தள்ளுவது என்று நினைக்கிறவர்கள் உண்டு. சில வருடம் கொழுந்து கொடுத்துக் களைத்துப்போன செடியை முழங்கால் உயரத்துக்குக் குறைத்துவிட்டு, மறுபடி தளிர்க்க வைக்கிற வேலை அது. வெட்டு சாய்வாக விழ வேண்டும், மழைத்தண்ணீர் வெட்டுவாயில் தேங்கக் கூடாது. ஒரே இழுப்பில் அறுபட வேண்டும், இரண்டாவது தடவை கத்தியைப் போட்டால் பட்டை கிழியும், கிழிந்த இடத்தில் அழுகல் பிடிக்கும். எல்லாவற்றையும் விட முக்கியமானது ஒன்று. எல்லாக் கிளைகளையும் வெட்டினாலும் ஓரத்தில் ஒரு கிளையை இலையோடு விட்டுவைக்க வேண்டும். அது செடி மூச்சு விடுவதற்கு. அந்தக் கிளையையும் சேர்த்து வெட்டிவிட்டால் செடி பார்ப்பதற்குச் சுத்தமாக இருக்கும். அப்படியே சுத்தமாகச் செத்துப்போகும்.

கவ்வாத்து ஆம்பளை வேலை. கணக்கு வேலை. காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற பெரட்டில் ஆளுக்கு இத்தனை தூர் என்று சொல்லிவிடுவார்கள். கை வேகமுள்ளவன் உச்சி வெயில் சாய்வதற்குள் முடித்துவிட்டு, கத்தியைத் தோளில் மாட்டிக்கொண்டு லயத்துக்குப் போய்விடலாம். போய் என்ன செய்வோம்? குளிப்போம். காலையில் சுட்டு மூடி வைத்த ரொட்டியைத் தின்போம். லயத்து வாசலில் உட்கார்ந்து சீட்டு விளையாடுவோம், ஊர்க் கதை பேசுவோம், தூங்குவோம்.

பெண்களுக்கு அப்படியல்ல. கொழுந்து நிறுத்து முடிய இருட்டத் தொடங்கிவிடும். அதோடு முடியாது. நாங்கள் வெட்டிப் போட்ட கிளைகள் மலையில் கிடக்கும். மிலாறு என்போம். அதுதான் லயத்துக்கு விறகு. கொழுந்து நிறுக்கிற மடுவத்திலிருந்து அவர்கள் நேரே வீட்டுக்கு வராமல், நாங்கள் வெட்டின மலைக்கு ஏறி, மிலாறு பொறுக்கிக் கட்டி, தலையில் வைத்து இறங்கி வருவார்கள். பிறகு பீலிக்குப் போய்க் குடம் வைக்க வேண்டும், அடுப்பு மூட்ட வேண்டும், மாவு பிசைய வேண்டும், பிள்ளையைக் கழுவ வேண்டும். வெட்டியவன் வெறுங்கையோடு இறங்கினான். நாள் முழுக்க நின்றவள் கட்டோடு இறங்கினாள். இதை ஒருவரும் தப்பென்று நினைக்கவில்லை. மழை மேலிருந்து கீழே பெய்வதைப் போல அது ஒரு நடப்பு.

நானும் நினைக்கவில்லை. எனக்கு அதைக் காட்டியது எங்கள் பெரியதுரை. அவர் காட்ட நினைத்துக் காட்டியதல்ல.

அந்தத் துரை நெடிய ஆள், அதிகம் பேசமாட்டார். பெரட்டுக்கு அவரே முதலில் வருவார். மலையில் ஒரு தூரைப் பார்த்தால் குனிந்து வெட்டுவாயைக் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார். சரியில்லை என்றால் சத்தம் போட மாட்டார். பிரம்பால் அந்தத் தூரை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவார், அவ்வளவுதான். தட்டு வாங்கிய தூரை வெட்டியவனுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. ஆனால் சாயங்காலம் நாலு மணி ஆனதும் அவர் வேறு மனுசன். ஒரு தடவை புதுக் கத்திகள் வரவில்லை என்று சொல்ல பங்களாவுக்கு ஓடினேன். புல்தரையில் கால் நீட்டி உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நாய் படுத்திருந்தது.

"கங்காணி, நாலு மணி அடிச்சாச்சு. இப்ப தேயிலை பேச்சு இல்லே. நாளைக்கு பெரட்டுலே பேசு" என்றார்.

"தொரை, கத்தி இல்லாம நாளைக்கு..."

"நாளைக்கு நாளைக்கு. இப்ப மலையைப் பாரு. நல்லா இருக்கு."

நான் மலையைப் பார்த்தேன். மேகம் விலகி நல்லாத்தான் இருந்தது. ஆயிரம் பேரைக் கட்டி மேய்க்கிற ஆள் எவ்வளவு நிம்மதியாக இருக்கிறார் என்று ஆச்சரியமாக இருந்தது. நாமும் அப்படி இருந்தால் என்ன என்று தோன்றியது. நான் எதைப் பார்த்தாலும் உடனே கற்றுக்கொள்கிறவன். மறுநாளே வேலை முடிந்ததும் காம்பரா வாசலில் பலகை போட்டு, கால் நீட்டி உட்கார்ந்து, ஒருத்தரிடமும் தேயிலைப் பேச்சுப் பேசாமல் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனசு லேசாக இருந்தது. அப்போது என் சம்சாரம் ராக்கு தலையில் மிலாறுக் கட்டோடு வந்தாள். கட்டை இறக்காமலே நின்று பார்த்தாள்.

"என்னா, தொரை மாதிரி ஒக்காந்திருக்கீங்க?"

"மனுசன் கொஞ்சம் நிம்மதியா இருக்கணும் ராக்கு. தொரையைப் பாரு."

"தொரைக்கு என்னா? சமைக்கக் கோக்கி இருக்கான், எடுத்துக் குடுக்க அப்பு இருக்கான், தோட்டக்காரன் இருக்கான், நாய் குளிப்பாட்டவே ஒருத்தன் இருக்கான். ஒங்களுக்கு நான் இருக்கேன். எனக்கு யாரு இருக்கா? செத்த நகருங்க, வழியில காலை நீட்டிக்கிட்டு."

நகர்ந்தேன். அவள் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கட்டை இறக்கிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எனக்கு மறுபடி மலையைப் பார்க்க மனம் வரவில்லை. துரையின் நிம்மதி துரையுடையது அல்ல, அது நாலைந்து பேருடைய கைகள் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. இரண்டாம் வகுப்புக்காரனுக்கு இது உறைத்தது. அந்தக் காலத்தில் எத்தனை பேருக்கு உறைத்திருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

இனிப் பாக்கியத்தின் கதைக்கு வருகிறேன். பாக்கியம் என் ஆட்களில் முதல் கையான சின்னமுத்துவின் பெண்சாதி. சின்னமுத்துவைப் போலக் கத்தி போட இன்னும் ஒருத்தன் பிறக்கவில்லை, என்னை விட்டுவிட்டால். பாக்கியமும் அப்படியே கொழுந்தில் முதல் கை. இரண்டு சின்னப் பிள்ளைகளும், கண் தெரியாத மாமியாரும் அவள் தலையில். அந்த வருடம் கவ்வாத்து மேல்மலையில் விழுந்தது. மிலாறுக்கு ஏற வேண்டிய தூரமும் கூடியது. கொஞ்ச நாளில் அவள் கூடை நிறையவில்லை. பாதி நாள் கூலிக்கு அரைப்பேர் போட்டார்கள். ஒரு நாள் கொழுந்து பறிக்கிற நிரையிலேயே மயங்கி விழுந்தாள். தோட்டத்து டாக்டரையா பார்த்துவிட்டு, "நோய் ஒண்ணும் இல்ல. தூக்கம் இல்ல, நிம்மதியா ஒரு வாய் சாப்பாடு இல்ல. அதுக்கு எங்கிட்ட மருந்து இல்ல" என்று சொல்லி அனுப்பினார்.

கணக்கப்பிள்ளை என்னைக் கூப்பிட்டார். "சிவனாண்டி, ஒன் ஆளு பொண்டாட்டிக்கிட்ட சொல்லி வை. இந்தக் கவ்வாத்து முடியிறதுக்குள்ள முழுப்பேர் எடுக்கலன்னா பேரை வெட்டச் சொல்லி உத்தரவு."

பேர் வெட்டுவது என்றால் என்ன என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. வேலைக் கணக்கிலிருந்து அவள் பேரை எடுத்துவிடுவார்கள், அவள் பங்கு அரிசி நிற்கும். ஒரே ஆள் வேலை செய்கிற குடும்பத்துக்கு அந்தத் தோட்டத்தில் முழுக் காம்பரா கிடையாது. பாதியை மறைத்து இன்னொரு குடும்பத்தைக் குடி வைப்பார்கள். கண் தெரியாத கிழவி, இரண்டு பிள்ளைகள், நடுவில் ஒரு சாக்குத் திரை. அந்தத் திரைக்குப் பின்னால் வளர்ந்தவன் நான். அது என்ன பிழைப்பு என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நான் நேரே துரையிடம் போனேன். நாலு மணிக்கு முன்னாலேயே போனேன். கவ்வாத்து முடியும்வரை பெண்களைக் கொஞ்சம் முன்னதாக விட வேண்டும் என்று கேட்டேன். ஒரு கங்காணி இப்படிக் கேட்பது சாதாரணமல்ல. துரை என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சரி. கொஞ்ச நாள் பாப்போம்" என்றார். லயமே என்னைத் தூக்கி வைத்துப் பேசியது.

என்ன நடந்தது தெரியுமா? முன்னதாக விட்டதும் பெண்கள் வீட்டுக்கு வரவில்லை. வெளிச்சம் இருக்கும்போதே இன்னும் ஒரு கட்டு சேர்த்துக்கொள்ளலாம் என்று மலைக்கு ஓடினார்கள். ஒரு கட்டுக்கு இரண்டு கட்டாகத் தூக்கினார்கள். மழைக்காலத்துக்கு விறகு வேண்டுமே! பாக்கியமும் ஓடினாள். ஈரச் சரிவில் கட்டோடு சறுக்கி, கானில் விழுந்து, கணுக்கால் வீங்கிக் கிடந்தாள். துரை கேள்விப்பட்டு, "நேரம் குடுத்தா கட்டு தூக்கப் போகுது. அப்ப நேரம் எதுக்கு?" என்று சலுகையை நிறுத்திவிட்டார். கணக்கப்பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தார்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். களைத்தவளுக்கு நேரத்தைக் கொடுத்தால் அந்த நேரத்தையும் வேலை தின்றுவிடுகிறது. ஓரக் கிளை தானாக நிற்காது, வெட்டுகிறவன் பார்த்து விட்டுவைக்க வேண்டும். வெட்டுகிறவன் யார்? நாங்கள்தான். மத்தியானமே வீட்டுக்கு வந்து சீட்டு விளையாடுகிற நாங்கள்தான்.

மறுநாள் மலையில், கணக்கு முடிகிற நேரத்தில், ஆட்களைக் கூப்பிட்டுச் சொன்னேன்: "இனிமே இறங்கிப் போறப்ப ஆளுக்கு ஒரு கட்டு மிலாறு எடுத்துக்கிட்டுப் போங்கடா."

எல்லாரும் சிரித்தார்கள். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்தார்கள். நான் சிரிக்காததைப் பார்த்துச் சின்னமுத்துதான் முதலில் பேசினான்.

"கங்காணி, நான் கத்தி புடிக்கிறவன். தலையில கட்டு வச்சு லயத்துக்குள்ள போனா, எம் பொண்டாட்டியே சிரிப்பா."

"ஒன் பொண்டாட்டி கால் வீங்கிக் கெடக்குறாடா."

"கால் வீங்குனா எறங்கும். மானம் போனா திரும்பி வருங்களா?"

சரி, நானே செய்து காட்டுகிறேன் என்று ஒரு கட்டைக் கட்டினேன். முப்பது வருடம் மிலாறு வெட்டியவனுக்கு அதைக் கட்டத் தெரியவில்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. சும்மாடு இல்லாமல் தலையில் வைத்தேன். வெட்டு முனைகளெல்லாம் முன்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தன. பணிய லயத்துக்குள் நுழைந்ததும் வாசலில் இருந்த கிழவிகள் வாயில் கை வைத்தார்கள்.

"என்னா கங்காணியாரே, ராக்கு அக்கா ஒங்களுக்குத் தாலி கட்டிருச்சா?"

"அடுத்த வாரம் கூடை எடுத்துக்கிட்டு நெரைக்கு வந்துருங்க, நான் பக்கத்துல நின்னு சொல்லித் தாறேன்!"

தலை நிமிர்ந்து நடந்தேன். காம்பரா வாசலில் கட்டு குறுக்காக நிலையில் மாட்டிக்கொண்டது. உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் நான் நின்றேன். சாயங்காலம் ராக்கு வந்து விறகைப் பார்த்தாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் முகம் சிவந்துவிட்டது.

"என்னையத்தான ஊரு பேசும்? புருசனைக் கட்டு தூக்க வச்சவன்னு. கால்ல விழுறேன், இந்த வேலை வேணாம்."

எனக்கு அப்போதுதான் விசயம் முழுதாக விளங்கியது. ஆண்களுக்கு மனசில்லாமல் இல்லை. அவர்களுக்கு வெட்கம். பெண்களுக்கு அதைவிட வெட்கம். இந்த வெட்கத்தைப் பேசிப் போக்க முடியாது. வெட்கம் போக ஓர் உத்தரவு வேண்டும். மேலிடத்து உத்தரவு என்றால் எங்கள் ஆட்கள் எதையும் தூக்குவார்கள்.

இனிச் சொல்லப்போவது என் மூளையில் பிறந்தது. வேறு யாருக்கும் இதில் பங்கில்லை.

மறுநாள் துரை மலைக்கு வந்தபோது அவரை ஒரு கானுக்கு அழைத்துப் போனேன். வெட்டிப் போட்ட மிலாறு கானில் விழுந்து கிடந்தது. "தொரை, இந்த மிலாறு கானை அடைச்சா மழைக்கு மண்ணு ஓடிரும். தூரு வேர் தெரிய நிக்கும்" என்றேன். மண் ஓடுகிறது என்றால் அந்தத் துரைக்குத் தூக்கம் வராது. "என்ன செய்ய?" என்றார். "கத்திக்காரன் ஒவ்வொருத்தனும் எறங்கும்போது ஒரு கட்டு வெளிய கொண்டு போகணும்னு உத்தரவு போடுங்க. கட்டு வெளிய போகாம கணக்கு முடியாதுன்னு வச்சிருங்க." துரை பிரம்பால் கானை ஒரு தட்டுத் தட்டினார். உத்தரவு விழுந்தது.

பெரட்டில் அதைப் படித்தார்கள். அன்று மத்தியானம் ஆண்கள் எல்லாரும் வரிசையாகக் கட்டோடு இறங்கினார்கள். லயத்தில் யாராவது சிரித்தால், "தொரை உத்தரவு, கான் சுத்தம்" என்று அதட்டினார்கள். வெளியே கொண்டுவந்த கட்டை எங்கே போடுவது? வீட்டு வாசலில்தான். பெண்கள் மலைக்கு ஏறுவது அந்த வாரமே நின்றது.

ஆனால் கட்டை வாசலில் போட்டுவிட்டுச் சின்னமுத்து சீட்டுக்கு உட்கார்ந்துவிட்டான். குடம் காலியாகக் கிடந்தது. பாக்கியம் நொண்டிக்கொண்டு பீலிக்குப் போனாள். விறகு மட்டும் போதாது என்று கண்டேன். தண்ணீருக்குத் துரையிடம் உத்தரவு கேட்க முடியாது. கங்காணிக்கும் ஓர் அதிகாரம் உண்டு. கத்தி என் பொறுப்பு.

மத்தியானத்தில் லயத்துக்குப் போய்க் கத்தி பார்க்கத் தொடங்கினேன். ஒவ்வொரு காம்பராவாக நின்று, விளிம்பைத் தடவி, உதட்டைப் பிதுக்குவேன்.

"சின்னமுத்து, இது கத்தியா, கரண்டியா?"

"காலையிலதான் தீட்டுனேங்க."

"இப்ப தீட்டு, எம் முன்னாடி."

"தண்ணி இல்லீங்களே."

"தண்ணி இல்லாம கல்லுல போட்டா முனை வெந்துரும். பீலிக்குப் போய் ஒரு கொடம் கொண்டா."

"ஒரு செம்பு போதுங்களே கங்காணி?"

"நான் கங்காணியா, நீ கங்காணியா?"

போனான். ஒரு குடம் தண்ணீரில் கத்தி குடித்தது ஒரு கை. மிச்சம் குடத்தில் இருந்தது. நாள் தவறாமல் போய்ப் பார்த்தேன். அந்தக் கவ்வாத்தில் எங்கள் கத்திகளைப் போலக் கூரான கத்தி இலங்கையிலேயே இருந்திருக்காது. வாசலில் விறகு, மூலையில் தண்ணீர், சும்மா இருக்கிற ஆம்பளை. மூன்றும் ஒரே இடத்தில் இருந்தால் என்றைக்காவது ஒருநாள் நெருப்புப் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த நெருப்பை மட்டும் நான் மூட்டச் சொல்லவில்லை.

அது பிடித்த நாள் எனக்கு நல்ல நினைவு. கொழுந்து மடுவத்தில் நான் நின்றிருந்தேன். பெண்கள் நிறுவைக்கு நின்றிருந்தார்கள். பாக்கியத்தின் கால் கொஞ்சம் தேறியிருந்தது, ஆனாலும் கூடை பாதிதான். யாரோ ஒருத்தி கீழே கை காட்டி, "ஏ பாக்கியம், ஒங் காம்பராவுல பொகை" என்றாள்.

எல்லாரும் பார்த்தோம். பணிய லயத்தில் ஒரே ஒரு கூரைக்கு மேல் புகை. பெண்கள் மலையில் இருக்கும் நேரத்தில் லயத்தில் புகை எழும்பினால் அதற்கு அர்த்தம் இரண்டுதான். தீப்பிடித்திருக்க வேண்டும், இல்லை சாவு விழுந்து வெந்நீர் போட்டிருக்க வேண்டும். பாக்கியம், "ஐயோ அத்தை!" என்று கத்திக்கொண்டு கூடையைப் போட்டுவிட்டு நொண்டி நொண்டி ஓடினாள். நாங்களும் பின்னால் ஓடினோம்.

கதவு திறந்திருந்தது. உள்ளே புகை மண்டலம். அடுப்புக்கு முன்னால் சின்னமுத்து குந்தி உட்கார்ந்து ஊதிக்கொண்டிருந்தான். கண் இரண்டும் சிவந்து, மூக்கு ஒழுகி, முகமெல்லாம் சாம்பல். கிழவி சுவரோரம் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தாள்.

"யாரு செத்தா?" என்று கேட்டாள் பாக்கியம்.

"யாரும் சாகல."

"அப்ப ஏன் அழுவுற?"

"பொகைடி. மிலாறு ஈரம்." பிறகு தலை நிமிராமல் சொன்னான்: "தேத்தண்ணி கொதிச்சிருச்சு. குடி."

வாசலில் நின்ற பெண்களில் ஒருத்திகூடச் சிரிக்கவில்லை. கிழவிதான் உள்ளேயிருந்து, "சீனி போடாம குடுக்கிறான், பாத்துக் குடி" என்றாள். பாக்கியம் கோப்பையை வாங்கிக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். இரண்டு வாய் குடித்தாள். மூன்றாவது வாய்க்கு முன்னால், கோப்பை கையில் இருக்கும்போதே தூங்கிவிட்டாள். சின்னமுத்து மெதுவாக அவள் கையிலிருந்து கோப்பையை எடுத்தான். நாங்கள் சத்தம் போடாமல் திரும்பி வந்தோம். வீட்டுக்கு வந்ததும் ராக்கு என்னைப் பார்த்து, "மாவு எங்க இருக்குன்னு தெரியுமா ஒங்களுக்கு?" என்று மட்டும் கேட்டாள். தெரிந்துகொண்டேன்.

கொஞ்சம் கொஞ்சமாகப் பாக்கியத்தின் கூடை நிறைந்தது. கவ்வாத்து முடிவதற்குள் முழுப்பேர் எடுத்தாள். கணக்கப்பிள்ளை பேரை வெட்டவில்லை. காம்பராவில் திரை விழவில்லை. லயத்தில் மற்றக் கூரைகளிலும் ஒவ்வொன்றாகச் சாயங்காலத்துக்கு முன்னால் புகை வந்தது. எல்லா வீட்டிலும் என்று பொய் சொல்ல மாட்டேன். சில பேர் கடைசிவரை கட்டைப் போட்டுவிட்டுச் சீட்டுக்குத்தான் போனார்கள். ஆனால் கத்தியோடு ஒரு கட்டு என்பது இந்தத் தோட்டத்தில் வழக்கமாகிவிட்டது. இன்றைய பிள்ளைகள் அது ஆதிகாலத்திலிருந்தே இருக்கிறது என்று நினைக்கிறார்கள்.

எனக்குக் கொதிப்பு ஏன் இல்லை என்று கேட்டீர்களே, இதுதான் பதில். நாலு மணிக்குமேல் தேயிலைப் பேச்சு வேண்டாம் என்பதைத் துரையிடம் கற்றேன். அந்த நாலு மணி ராக்குவுக்கும் அடித்தால்தான் எனக்கும் அடித்ததாகக் கணக்கு என்பதை நானாகக் கற்றேன். அதற்குப் பிறகு இருவரும் சேர்ந்து வாசலில் உட்கார்ந்து மலையைப் பார்த்திருக்கிறோம். பெரும்பாலும் மேகம்தான் இருக்கும். பரவாயில்லை.

இப்போது என் வழக்கைச் சொல்கிறேன். அந்த உத்தரவு கானுக்காகப் போட்ட உத்தரவாகவே நின்றுவிட்டது. துரை ஊருக்குப் போகும்போது கொடுத்த விருந்தில், மண்ணைக் காப்பாற்றிய துரை என்று அவருக்கு மாலை போட்டார்கள். நானும் வரிசையில் நின்று கைதட்டினேன். சொல்லியிருந்தால் அந்த உத்தரவின் மரியாதை போய், மறுநாளே கட்டைக் கீழே போட்டிருப்பார்கள். அதனால் வாயை மூடிக்கொண்டேன். நான் வாயை மூடிக்கொண்டது என் வாழ்க்கையில் அந்த ஒரு விசயத்தில்தான்.

போன வாரம் பாக்கியமும் சின்னமுத்துவும் சொல்லிக்கொள்ள வந்தார்கள். அவர்களுக்கு இந்தியாவுக்குப் போகக் கடுதாசி வந்துவிட்டது. ராக்கு அழுதாள். பாக்கியம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தத் தொரை நல்லா இருக்கணும் அக்கா. அவரு கானுக்குன்னு உத்தரவு போட்டாரு, எம் பொழப்பு தப்பிச்சுச்சு" என்றாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "தொரையா? அடியே பாக்கியம், தொரை கண்டாரா? கானைக் காட்டுனது யாரு? கத்தி பாக்க வந்தது யாரு?" என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

பாக்கியம் வாயைத் திறந்தபடி நின்றாள். "நெசமாவா மாமா?"

சின்னமுத்து நிலத்தைப் பார்த்துச் சிரித்தான். "எனக்கு அன்னைக்கே தெரியுங்க" என்றான்.

"என்னாடா தெரியும்?"

"ஒரு கத்தி தீட்ட ஒரு கொடம் தண்ணி எதுக்குன்னு தெரியாதுங்களா? தெரிஞ்சுதான் போனேன். நீங்க அதட்டலன்னா எனக்குப் போக வழி இல்ல."

இத்தனை வருடம் அவனை ஏமாற்றிவிட்டேன் என்று நான் பெருமையாக இருந்தேன். அவன் ஏமாந்த மாதிரி இருந்து எனக்குக் கை கொடுத்திருக்கிறான். சரி, அதையும் எழுதிவிட்டேன். நான் நியாயக்காரன்.

அடுத்த மாதம் அவர்கள் தலைமன்னார் ரயிலில் ஏறிவிடுவார்கள். இந்த விசயத்துக்கு எனக்கிருக்கும் ஒரே சாட்சியும் கடல் தாண்டிப் போகிறான். ஆகையால் வாலிபர் சங்கத்தாரையும், அட்டன் ஐயாவையும் பகிரங்கமாகக் கேட்டுக்கொள்கிறேன். இந்தத் தோட்டத்தில் ஆம்பளை கட்டுத் தூக்கியது புதிய எண்ணமும் அல்ல, துரை எண்ணமும் அல்ல, கானுக்காகவும் அல்ல. பாக்கியம் உட்கார்ந்து ஒரு கோப்பைத் தேத்தண்ணி குடிப்பதற்காக. செய்தவன் கவ்வாத்துக் கங்காணி சிவனாண்டி. சங்கத்து மண்டபச் சுவரில் அதைப் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். அதற்குக் கீழே, கொஞ்சம் சின்ன எழுத்தில் சின்னமுத்துவின் பெயரையும் போடுங்கள். ஒரு செம்பு போதும் என்று தெரிந்தும் குடத்தை எடுத்துக்கொண்டு போனவன் அவன்.